சூட்டுக்கு ஒரு கட்டம்

“…இல்லன்னுதான் சொல்லுவாங்க டாக்டரம்மா. பத்தொம்பது பேரும் ஒரே மாதிரி இல்லன்னுதான் சொல்லுவாங்க. ஏன்னா நீங்க நோய் இருக்கான்னு கேட்டீங்க. சூடு புடிச்சிருக்கான்னு கேட்டுருந்தீங்கன்னா இந்தத் தாளு பத்தாது.”

சிதம்பரத்தில் கீழவீதியை ஒட்டிய சந்தில் ஒரு மாடி அறை. எல்லோரும் உட்கார்ந்திருக்க, அக்கா மட்டும் நின்றுகொண்டு இதைச் சொன்னார். நின்றுகொண்டு என்றுகூடச் சொல்ல முடியாது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே சொன்னார். மேசையில் டீ, பிஸ்கட்டுத் தட்டு. சுவரில் ‘சமூகப் பிரதிநிதிகள் ஆலோசனைக் கூட்டம்’ என்று பேனர். அதிலிருந்த ‘ஆலோசனை’ என்ற சொல்லை அக்கா நிஜம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். வந்திருந்த மற்ற பிரதிநிதிகள் டீயைக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். வருகைப் பதிவுத் தாளும் படிவ அட்டையுமாக நான் கதவோரம் நின்றிருந்தேன். அந்தப் பத்தொன்பது ‘இல்லை’யையும் எழுதியவன் நான்தான்.

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், ‘எதுக்கு எழுதுன, யாரு படிப்பாங்க, படிச்சி இன்னா பண்ணுவாங்க’ என்று மூன்று கேள்வி வரும்.

புவனகிரியிலிருந்து சேத்தியாத்தோப்பு போகிற வழியில், வெள்ளாற்றை ஒட்டின ஒரு காலனி அவருக்கு. நடவுக்கும் களையெடுப்புக்கும் தன்னையும் சேர்த்து இருபது பெண்களை ஒரு செட்டாகக் கூட்டிப்போகிற ஆள் அவர். வயது ஐம்பதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒல்லியான உடம்பு. ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேசும்போது கை சும்மா இருக்காது. விறகு ஒடிக்கும், முடிச்சு அவிழ்க்கும், பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடும். அவரோடு பேச வேண்டுமென்றால் கூடவே நடக்க வேண்டும். நான் அப்படித்தான் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்திருக்கிறேன்.

செட்டில் இருந்த பெண்கள் அவரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிற ஒரு வசனம் உண்டு. “அக்காகிட்ட மணி இன்னான்னு கேட்டுப்பாரு. எந்த பஸ்ஸுக்குன்னு கேக்கும்.” இதைவிடச் சுருக்கமாக அவரை யாரும் சொல்லிவிட முடியாது. கேள்வியைக் கேட்டவுடன் பதில் சொல்கிற பழக்கமே அவருக்கு இல்லை. முதலில் அந்தக் கேள்வியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எதற்காக வந்த கேள்வி, எங்கே போகிற கேள்வி என்று விசாரிப்பார். சரியில்லை என்றால் அவரே திருத்தித் தருவார். பதில் அதற்கப்புறம்தான்.

என் கதை சின்னது. ஊர் மேல்பட்டாம்பாக்கம். பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. மிச்சத்தை டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் படித்தேன். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் ஒரு மருத்துவ ஆராய்ச்சித் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிற வேலை கிடைத்தது. என் சிநேகிதன் ஒருவன் அங்கே மேற்பார்வையாளன். அவன்தான் சேர்த்துவிட்டான். விவசாயக் கூலி வேலைக்குப் போகிற பெண்களுக்கு என்னென்ன நோய் இருக்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம். முதல் சுற்றில் கேள்வி மட்டும். அதில் எந்த நோய் நிறையத் தெரிகிறதோ, அதற்கு இரண்டாம் சுற்றில் ஊருக்கே வந்து பரிசோதனை செய்து மருந்து கொடுப்பார்கள். முதல் சுற்றில் தெரியாத நோய்க்கு இரண்டாம் சுற்று கிடையாது.

முதல் நாள் நான் போனபோது அக்கா வாசலில் நாற்றுக்கட்டுக்கு வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார்.

“வீட்டில் கழிப்பறை இருக்கிறதா?” என்று தாளைப் பார்த்து வாசித்தேன்.

“இருக்குது, வா காட்டுறன்” என்று எழுந்துபோனார். பின்னால் போனேன். கவர்மெண்ட்டில் கட்டிக்கொடுத்த சின்ன அறை. கதவைத் திறந்தால் கூரை வரைக்கும் விறகு அடுக்கியிருந்தது.

“பாத்துக்க. ஒரு குச்சிகூட நனையல.”

“அக்கா, அப்ப இல்லன்னு எழுதட்டுமா?”

“ஏன் இல்ல? கண்ணு முன்னால நிக்குது. நீ வூட்டுல இருக்கான்னு கேட்ட, இருக்கு. ஆனா நான் வூட்டுல எங்க இருக்கேன்? விடிஞ்சா கழனி, அடஞ்சா வூடு. கழனியில இருக்கான்னு கேளு.”

“அப்படி ஒரு கேள்வி இதுல இல்லக்கா.”

“அப்ப தாள எழுதுனவங்க கழனிக்கு வந்ததில்ல” என்றார். கோபமில்லை. மழை வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் ‘உண்டு’ என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். சிறுநீரகம், சிறுநீர்ப்பை சம்பந்தமான நோய் ஏதாவது உண்டா?

“நோயா? நோயின்னா பாயில இல்ல கெடப்பேன். ஒங்கிட்ட நின்னு பேசிக்கிட்டா இருப்பேன்?”

‘இல்லை’ என்று எழுதினேன். அன்றைக்கும் மறுநாளுமாகச் செட்டில் இருந்த இருபது பேரையும் கேட்டு முடித்தேன். இருபதும் ‘இல்லை’. மேற்பார்வைச் சிநேகிதன் தாள்களைப் புரட்டிப் பார்த்து, “மச்சான், நீட்டா முடிச்சிட்ட. ஒரு அடித்தல் திருத்தல் கெடையாது” என்று பாராட்டினான். எனக்கும் சந்தோஷம்தான்.

கேள்வி விஷயத்தில் அக்கா என்னிடம் மட்டும் கறாராக இருந்தவர் இல்லை. ஒருநாள் புவனகிரி டீக்கடை வாசலில் ஒரு நிலத்துக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நடவுக்கு ஆள் கேட்டு அவர் கூப்பிட்டிருக்கிறார். அக்கா சாலையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறார், காதில் போன்.

“எத்தன காணின்னு அப்பறம் பேசுவோம்ண்ணே. வாய்க்கா மேட்டுல வேலிக்காத்தான் பொதரு இருந்துச்சே, இருக்கா? …வெட்டிட்டீங்களா? எல்லாத்தையுமா? …பம்பு கொட்டா பூட்டியிருக்குமா, தொறந்திருக்குமா?”

அந்தப் பக்கத்திலிருந்து அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. “ஏம்மா, நீ நடவுக்கு வர்றியா, நெலம் வாங்க வர்றியா?”

“பொம்பளைங்க ஒதுங்க எடம் வேணுமில்லண்ணே?” என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அக்கா கூலி பேசுவதற்கு முன்னால் ஒதுங்குவதற்கு மறைவு பேசுவார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கழனிக்கு நான்கு சவுக்குக் கழியும் இரண்டு பழைய புடவையும் கொண்டுபோய் வரப்போரம் ஒரு மறைப்புக் கட்டினார்களாம். பதினொரு மணிக்குக் கடல்காற்று எழும்பி, மறைப்பு அப்படியே பறந்து அடுத்த கழனியில் விழுந்ததாம். இதைச் சொல்லும்போது செட்டுப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “உள்ள இருந்தவ கதி இன்னான்னு கேளு சாரு!” என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. “அதுலேருந்து இவளுங்க எந்தக் கழனியிலயும் தண்ணியே குடிக்கிறதில்ல. காலைல கஞ்சி குடிச்சா சாயந்தரம் வூட்டுக்கு வந்துதான் சொம்பத் தூக்குறாளுங்க” என்றார். அப்போதும் எனக்குப் புத்தியில் ஒன்றும் உறைக்கவில்லை.

உறைத்தது பத்து நாள் கழித்து. விடுபட்ட ஒரு கையெழுத்துக்காகத் தாள்கட்டோடு மறுபடி காலனிக்குப் போனேன். அக்கா தெருவில் அலைந்துகொண்டிருந்தார். வழக்கமான நடை இல்லை அது. செட்டில் கூடவே வேலைக்குப் போகிற மருமகளுக்கு ஆறு மாதம். இரண்டு நாளாகக் காய்ச்சல், இடுப்பு வலி, ஒன்றுக்குப் போனால் எரிச்சல்.

“எத்தன நாளாக்கா?”

“சூடுதான். நடவு தொடங்குனதுலேருந்து இருக்கு. வெந்தயம் ஊறவச்சுக் குடுத்தேன். சுண்ணாம்பு வச்சேன். கேக்கல.”

நான் பெரிய மனுஷன் மாதிரி, “ஆனா படிவத்துல யாருக்குமே சிறுநீர்ப் பிரச்சினை இல்லன்னு வந்துருக்கேக்கா” என்றேன்.

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். “எங்க, படி.”

அவருடைய தாளைப் பையில் தேடி எடுத்துப் படித்தேன். அடுத்தவளுடையதைப் படிக்கச் சொன்னார். அது ரகசியம், படிக்கக்கூடாது என்றேன். “சரி, நல்லதுதான்” என்று ஒப்புக்கொண்டு, என் கையைப் பிடித்து அடிபம்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். எல்லோரும் நான் படிவம் எழுதினவர்கள்.

“இவுங்க மூஞ்சியப் பாத்துத்தானே கேட்ட? இப்ப காலப் பாரு.”

பார்த்தேன். அநேகமாக ஒவ்வொருத்தி கால் பெருவிரல் நகத்திலும் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு. சிலது அன்றைக்கு வைத்தது, பளிச்சென்று இருந்தது. சிலது உதிர்ந்து பாதி போயிருந்தது. சூடு பிடித்தால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு வைப்பது எங்கள் வீட்டிலும் உள்ளதுதான். என் அம்மாவே வைத்துப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன், என் கண்ணில் படவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கால் எங்கே தெரியும்? சூடு அவர்களுக்கு நோய் இல்லை. வெயில் மாதிரி, சேறு மாதிரி, வேலையோடு கூட வருவது. நான் நோயைக் கேட்டேன், அவர்கள் இல்லை என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

மருமகளை நானும் அக்காவும் அன்றைக்கே பஸ் ஏற்றிச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்தது. “கர்ப்பிணி, இத்தன நாளா இத யார்கிட்டயும் சொல்லலியாம்மா? புள்ளைக்கே ஆபத்தாயிருக்கும்” என்றார் அங்கிருந்த டாக்டர்.

“யாரு கேட்டா சார்?” என்றார் அக்கா. கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

மருமகள் மாத்திரையில் தேறிவிட்டாள். செட்டில் இன்னும் இரண்டு பேர் முழுகாமல் இருந்தார்கள். அக்காவுக்கு அதற்கப்புறம் அந்த ஒரே பேச்சுதான். படிவம் திரும்பப் போகுமா? திருத்தி எழுத முடியுமா? இரண்டாம் சுற்று எப்போது? நான் மேற்பார்வையாளனிடம் சொன்னேன். “மச்சான், சூடுங்கறது மெடிக்கல்ல இல்லடா. அதுக்கு இதுல கட்டமே கெடையாது. கட்டம் இல்லாதத எங்க எழுதுவ? அடுத்த வாரம் ரெண்டாவது ரவுண்டுத் தாளு பிரிண்டுக்குப் போவுது. யூரின் செக்‌ஷன் அதுல இல்ல. ஜாஸ்தி நோண்டாத. ஒன் வேலைக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து.” பிறகு அவனே பரிதாபப்பட்டோ என்னவோ, பிரதிநிதிகள் கூட்டத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, அந்த அக்காவைப் போட்டுக்கொள் என்றான்.

அக்காவை நான் தேவதையாக்க விரும்பவில்லை. அவருடைய இந்தக் கேள்வி சிலருக்கு முள் மாதிரி. கூட்டத்துக்குப் போகிற சேதி தெரிந்ததும் செட்டில் ஒருத்தி சண்டைக்கு வந்துவிட்டாள். “நம்ம அசிங்கத்த நம்மளே ஆபீஸ்ல கொண்டுபோய் வைக்கணுமா? நீ பெரிய ஆளாவறதுக்கு எங்க பாவாடையா கெடச்சுது?” என்று தெருவே கேட்கக் கத்தினாள். அக்கா காலனிக்கும் ஆற்றுக்கும் நாலு நடை நடந்தார். என்னையும் போகச் சொல்லிவிட்டார். மறுநாள் ஒவ்வொரு வீடாகப் போய், “ஒம் பேர சொல்லமாட்டேன். ஊர்ல இப்பிடி இருக்குன்னு மட்டும் சொல்றேன். ஒன்னையும் சேத்துச் சொல்லட்டுமா, வேணாமா?” என்று கேட்டிருக்கிறார். பத்தொன்பது பேர், அவரையும் சேர்த்து, சரி என்றார்கள். சண்டை போட்டவள் வேண்டாம் என்றாள். “வேணாம்னா வேணாம்” என்று வந்துவிட்டாராம். நாங்கள் சம்மதப் படிவம் என்று ஒன்றைக் கடகடவென்று வாசித்துக் கையெழுத்து வாங்குவோம். அக்கா தாளே இல்லாமல் அதைச் செய்துவிட்டு வந்தார்.

சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் வரும்போது ஜன்னலோர இடம் கிடைத்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். “தம்பி, அவுங்க முடியாதுன்னுட்டா இன்னா பண்றது?” என்று புவனகிரிப் பாலம் தாண்டும்போது ஒருதரம் கேட்டார். சிதம்பரம் வருவதற்குள் இன்னொருதரம் கேட்டார்.

இனி அந்த மாடி அறைக்கு வருகிறேன். ‘இந்தத் தாளு பத்தாது’ என்று அக்கா சொன்னதும் எல்லோரும் டாக்டரம்மா பக்கம் திரும்பினார்கள். அவர்தான் திட்டத்தின் தலைவி, பெரிய டாக்டர், அறுவை சிகிச்சை செய்கிறவர். நல்ல மனுஷி. பக்கத்தில் புள்ளிவிவரம் பார்க்கிற சார். அவர் தாளைப் பார்த்து, “அந்த ஊர்ல இருவது பேர்னு இருக்கே, பத்தொம்பதுன்றீங்க?” என்றார்.

“ஒருத்தி சொல்லவேணாம்னுட்டா சார். அவள விட்டுருங்க. தேடாதீங்க.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “சரிம்மா. எப்படிக் கேட்டா சரியா வரும்? நீங்களே சொல்லுங்க.”

இதற்காகத்தான் காத்திருந்தேன் என்பதுபோல அக்கா மூச்சு விடாமல் சொன்னார். “கழனியில ஒதுங்க எடமில்லாம, தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி வச்சி ஒங்களுக்குச் சூடு புடிச்சுதா?”

புள்ளிவிவர சார் தலையை ஆட்டினார். “அப்படிக் கேக்கக்கூடாதும்மா. பதிலக் கேள்விக்குள்ளயே வச்சிட்டீங்க. யாரா இருந்தாலும் ஆமான்னுதான் சொல்வாங்க.”

போச்சு, முடிந்தது என்று நினைத்தேன். அக்கா ஜன்னல் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். “நீங்க சொல்றது நாயந்தான் சார்” என்றார். “அப்ப ஒடச்சிருவோம். வேலைக்குப் போன நாள்ல தண்ணி குடிச்சீங்களா? இது ஒண்ணு. இல்லன்னா ஏன் குடிக்கல? இது ரெண்டு. ஏன்னு நாம சொல்லக்கூடாது, அவுங்க சொல்லட்டும். சூடு புடிச்சுதா? இது மூணு. யாருகிட்டயாவது காட்டுனீங்களா? நாலு.”

சார் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, “நல்லாருக்கு. ஆனா இது ஒங்க செட்டுக்கு மட்டும் பொருந்துற கேள்வியா, எல்லாருக்கும் புரியுமான்னு தெரியாதே. கழனிக்கே போகாத ஒருத்தர்கிட்டயும் கேட்டுப் பாத்தாத்தான் சேக்கலாமா வேணாமான்னு சொல்ல முடியும். தாளு வேற திங்கக்கெழம பிரிண்டுக்குப் போவுது” என்றார்.

அக்கா சுற்றிலும் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த அட்டையையும் அதிலிருந்த நிரப்பாத பழைய படிவத்தையும் வாங்கிக்கொண்டு, டாக்டரம்மாவுக்கு எதிரே போய் நின்றார்.

“நீங்க சொல்லுங்க டாக்டரம்மா. ஆபரேஷன் பண்ற நாள்ல தண்ணி குடிப்பீங்களா?”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்துக்கொண்டேதான், “எங்க குடிக்கிறது? காலையில ஒரு காபி, அவ்வளவுதான்” என்றார்.

“ஏன் குடிக்கல?”

“நடுவுல வெளிய வர முடியாதேம்மா. அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம் ஆகும். வயித்தத் தொறந்து வச்சிட்டு…” சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

“சூடு புடிச்சுதா?”

சார் குனிந்து தன் தாளைப் பார்த்தார். டாக்டரம்மா மேசை மேலிருந்த கண்ணாடியை எடுத்தார், போட்டுக்கொள்ளவில்லை.

“புடிக்கும். வருஷா வருஷம்.”

“யாருகிட்டயாவது காட்டுனீங்களா?”

“இல்ல” என்றார் டாக்டரம்மா.

அக்கா பார்க்காமலே என் பக்கம் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். படிவத்தில் அவர் விரல் மேலிருந்து கீழே இறங்கி ஒவ்வொரு வரியாகத் தேடியது. சூட்டுக்கு அதில் கட்டம் இல்லை. அட்டையை மேசைமேல் வைத்துக் குனிந்து, தாளின் ஓரத்தில் வெறுமனே விட்டிருந்த இடத்தில், நாலு கோடு இழுத்து அவரே ஒரு கட்டம் போட்டார். அதற்குள் ஒரு டிக் அடித்து, தாளைப் புள்ளிவிவர சார் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, பேனாவோடு அடுத்த நாற்காலியில் இருந்த பிரதிநிதிப் பெண்ணிடம் போனார்.